மருமகள் ஒருத்தி போதுமா?

2004 டிசம்பர் 26 சுனாமி கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அதில் ஆதரவிழந்த முதியோருக்காக ஹெல்ப்ஏஜ் இந்தியா உருவாக்கியதுதான் தாமரைக்குளம் முதியோர் கிராமம். மகளிர் குழுக்களைப் போல முதியோர் சுய உதவிக் குழுக்களையும் அந்த அமைப்பு சுனாமிக்குப் பிறகு கரையோர ஊர்களில் தொடங்கியது. சேமிப்பு, உள்கடன், சிறு தொழில் எல்லாம் அறுபது கடந்தவர்கள் பொறுப்பில். முதியோர் பராமரிப்பைப் படிக்க வரும் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கடலூர் தைரியமாகக் காட்டக்கூடிய பாடம் இது.

சரி, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் செவிலியர் படிப்பு படிக்கும் பெண் மாணவர் பரிமாற்றத்தில் ஜப்பானுக்குப் போனால் என்ன கற்றுவருவாள்?

அங்கேயும் ஒரு காலத்தில் படுக்கையில் விழுந்த மாமனார், மாமியாரைப் பார்ப்பது மருமகளின் தலையில்தான் விடிந்தது. அந்தச் சுமையைப் பெண்கள் அமைப்புகள் பொதுப் பிரச்சினையாக்கின. விளைவு, 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு. நாற்பது வயதிலிருந்து எல்லோரும் சந்தா கட்டுகிறார்கள்; செலவில் பாதி வரிப்பணம். முதியவருக்கு உதவி தேவைப்பட்டால் நகராட்சி ஆள் வீட்டுக்கே வந்து, நடக்க முடிகிறதா, தானாகக் குளிக்க முடிகிறதா, நினைவு எப்படி என்று கேட்டறிகிறார். தேவையின் அளவு ஏழு படிகளில் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. குளிப்பாட்ட ஆள், பகல்நேர மையம், இல்லம் என எது பொருந்தும் என்று திட்டம் போட்டுத் தர ஒருவர் இருக்கிறார். பெரும்பாலோர் கட்டணத்தில் பத்து சதவீதம் மட்டும் கொடுக்கிறார்கள்.

பராமரிக்கும் குடும்பத்துக்கு இந்தக் காப்பீடு பணம் தருவதில்லை. தந்தால் மருமகள் மறுபடி வீட்டோடு கட்டுண்டு விடுவாள் என்று பெண்கள் தரப்பில் எதிர்ப்பு இருந்தது. 1995இல் இதேபோல் தொடங்கிய ஜெர்மனியோ, சேவை வேண்டாம் என்பவர்களுக்குப் பணமாகவே தருகிறது. நமக்கு எது பொருந்தும்? கல்லூரி வகுப்பில் சூடாக விவாதிக்க வேண்டிய கேள்வி.

இங்கே 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, கைவிட்ட பிள்ளைகள்மீது பெற்றோர் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்து ஜீவனாம்சம் பெறலாம். கைவிடாமல் இரவு பகலாகப் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்கு மாற்று ஆள் தர அந்தச் சட்டத்தில் வழியில்லை. 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளையும் இயன்முறை சிகிச்சையையும் வாசலுக்குக் கொண்டுவந்திருக்கிறது. நல்ல தொடக்கம் இது. பரிமாற்ற மாணவர்களை இல்லங்களை மட்டும் சுற்றிக்காட்டி அனுப்பிவிடாமல், அந்தத் திட்டத்தின் ஊழியர்களோடு சிதம்பரத்துத் தெருக்களில் வீடு வீடாக அழைத்துப் போக வேண்டும். என்ன உதவி தேவை என்ற கேள்வியைப் பெரியவரிடம் மட்டுமல்லாமல், அவரைத் தூக்கி உட்காரவைக்கும் பெண்ணிடமும் கேட்கச் சொல்ல வேண்டும்.