மாற்று முட்டியில் கிருமி தொற்றினால்

முட்டி மாற்று அறுவை செய்துகொண்ட நூறு பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ அந்தச் செயற்கை மூட்டில் கிருமி தொற்றிவிடுகிறது. சிறிய எண்ணிக்கைதான். ஆனால் சிராங்கூன் ரோட்டில் நடமாடும் நம்மவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே கவனிக்க வேண்டும். சர்க்கரை நோய் இருந்தால் இந்தத் தொற்று எளிதில் வரும். 2010-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி சிங்கப்பூர் இந்தியரில் 17.2 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை, சீனரில் 9.7.

முட்டி சிவந்து வீங்குகிறது, தழும்போரம் நீர் கசிகிறது என்றதும் சிலர் அலமாரியைத் திறப்பார்கள். ஊருக்குப் போனபோது மருந்துக்கடையில் வாங்கி வந்த ஆன்டிபயாட்டிக் அங்கே இருக்கும். இரண்டு நாள் போட்டால் வலி குறையும். தொல்லையே அங்கேதான் தொடங்குகிறது.

கழுவுதொட்டிக் குழாயின் உள்ளே வழுவழுப்பாகப் படிந்திருக்குமே, அதுபோல ஒரு படலத்தை உலோகத்தின் மேல் கட்டிக்கொண்டு கிருமி அதற்குள் பதுங்குகிறது. உலோகத்துக்குள் ரத்த ஓட்டம் கிடையாது; உடலின் காவல் அணுக்கள் அங்கே போய்ச் சேர வழியில்லை. மாத்திரை, படலத்துக்கு வெளியே திரியும் கிருமிகளைக் கொல்லும். உள்ளே அரைத்தூக்கத்தில் கிடப்பவை தப்பிவிடும். அதோடு, எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பதும் கடினமாகிவிடும். மூட்டில் ஊசி போட்டு நீர் எடுத்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்ப்பார்கள். முன்பே மருந்து போட்டிருந்தால் ஒன்றும் வளராமல் போகலாம். அவசரம் இல்லையென்றால், மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் கழித்து நீர் எடுப்பதும் உண்டு. ஆகவே முட்டியில் மாற்றம் தெரிந்தால் முதலில் அறுவை செய்த மருத்துவரைப் பாருங்கள். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், பேச்சில் தடுமாற்றம் இருந்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கிருமி அறுவைக் காயம் வழியாகத்தான் வரும் என்றில்லை. 2015-இல் இங்கே கஞ்சியோடு பரிமாறப்பட்ட பச்சை நன்னீர் மீனால் ‘குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ்’ பரவியது நினைவிருக்கலாம். ரத்தத்தில் கலந்த அந்தக் கிருமி சிலருக்குச் சொந்த மூட்டிலேயே போய்த் தங்கியது. அந்த டிசம்பரில் கடைகளில் அந்த மீனைப் பச்சையாகப் பரிமாறத் தடை வந்தது. மாற்று மூட்டுக்காரருக்குக் கால் புண்ணும் ஈறு வீக்கமும் பல ஆண்டுகள் கழித்துக்கூட இப்படி வழிவிடும்.

சிகிச்சையின் முதல் பாதி கத்திதான். அறுவை முடிந்த சில வாரங்களுக்குள், அல்லது தொல்லை திடீரென்று கிளம்பி மூன்று வாரத்துக்குள் பிடித்துவிட்டால், மூட்டை விட்டுவைக்கலாம். கெட்டுப்போன சதையைச் சுரண்டியெடுத்து, லிட்டர் கணக்கில் உப்புநீர் விட்டுக் கழுவி, இடையிலுள்ள பிளாஸ்டிக் தகட்டை மட்டும் மாற்றுவார்கள். காலம் கடந்துவிட்டால் மூட்டையே கழற்ற வேண்டும். புதியதை அதே அறுவையில் வைப்பது ஜெர்மனியின் ஹாம்பர்க் மருத்துவர்கள் 1970-களில் பரப்பிய முறை. இரண்டு கட்டமாகச் செய்வதும் உண்டு. எலும்பு சிமெண்ட்டில் வான்கோமைசின், ஜென்டாமைசின் போன்ற மருந்துத்தூளைக் கலந்து, மூட்டு வடிவில் வார்த்து இடைக்காலத்துக்குப் பொருத்துவார்கள். சிமெண்ட் இறுகும்போது சூடேறும் என்பதால் சூட்டுக்குக் கெடாத மருந்தாகப் பார்த்தே சேர்ப்பார்கள். அதிலிருந்து மருந்து முட்டிக்குள்ளேயே கசியும். சில வாரமோ மாதமோ கழித்துப் புது மூட்டு. அதுவரை கைப்பிடிச் சட்டத்தைப் பிடித்துத்தான் நடை. அறுவையின்போதே வெவ்வேறு இடத்திலிருந்து ஐந்தாறு துண்டுச் சதை எடுத்து ஆய்வுக்கு அனுப்புவார்கள். மெதுவாக வளரும் கிருமிக்காக இரண்டு வாரம்வரை காத்திருப்பதும் உண்டு.

மறுபாதி மருந்து. எலும்பு மருத்துவரும் தொற்றுநோய் மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டிய கட்டம் இது. முன்பெல்லாம் ஆறு வாரம் நரம்பு வழி மருந்துதான் என்றிருந்தது. இன்றும் கையில் மெல்லிய குழாயோடு வீட்டிலிருந்தபடியே மருந்து ஏற்றிக்கொள்பவர்கள் உண்டு. பிரிட்டனில் 1,054 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு, எலும்பு, மூட்டுத் தொற்றுக்குச் சரியான மாத்திரையும் அதே பலன் தரும் என்று காட்டியது. மருந்தின் காலத்தைக் குறைக்க நினைத்தவர்களுக்கு 2021-இல் வந்த பிரெஞ்சு ஆய்வு பதில் சொன்னது: ஆறு வாரம் மருந்து எடுத்தவர்களில் 18.1 விழுக்காட்டினருக்குத் தொற்று தீரவில்லை. பன்னிரண்டு வாரம் எடுத்தவர்களில் 9.4. மருத்துவர் மூன்று மாதம் என்றால் இழுத்தடிக்கிறார் என்று நினைக்காதீர்கள்.

மூட்டைக் கழற்றாமல் விட்டுவைத்தவர்களுக்கு, தொற்றியது ஸ்டஃபைலோகாக்கஸ் என்னும் கிருமியென்றால், ரிஃபாம்பிசின் என்ற மருந்தையும் சேர்ப்பது வழக்கம். படலத்துக்குள் புகுந்து வேலை செய்வதில் அது கெட்டி. ஆனால் தனியாகக் கொடுத்தால் கிருமி சட்டென்று பழகிவிடும், அதனால் துணை மருந்து கட்டாயம். சிறுநீர், வியர்வை, கண்ணீர் எல்லாம் ஆரஞ்சாகும். வெள்ளை வேட்டி தப்பாது, பயப்படவும் வேண்டாம். பயப்பட வேண்டியது வேறு: ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரினின் வேகத்தையும் சில சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தையும் அது குறைத்துவிடும். எனவே வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

இன்னொரு அறுவையைத் தாங்க முடியாத மூத்தோருக்கு, கிருமியை அடக்கிவைக்க வருடக்கணக்கில் குறைந்த அளவு மாத்திரை கொடுப்பதும் உண்டு. கல்லீரலும் சிறுநீரகமும் தாங்குகின்றனவா என்று பார்க்க அவ்வப்போது ரத்தப் பரிசோதனைக்குப் போய்வர வேண்டியிருக்கும்.