நொதி சாவதில்லை!

“சூடு கூடினால் நொதி செத்துவிடும்.” விடைத்தாள்களில் நான் அடிக்கடி சிவப்பு மையால் அடிக்கும் வரி இது. மாணவர்களே, நொதி உயிரினம் அன்று, புரதம். உயிரில்லாதது எப்படிச் சாகும்?

உமிழ்நீரில் உள்ள அமிலேஸ் நொதியை 3 சோதனைக்குழாய்களில் எடுத்து, ஒன்றைப் பனிக்கட்டியிலும், இன்னொன்றை 37 டிகிரி செல்சியஸ் நீரிலும், மற்றொன்றைக் கொதிநீரிலும் வைப்போம். சற்று நேரம் கழித்து மாவுச்சத்துக் கரைசலைச் சேர்ப்போம். 10 நிமிடங்களுக்குப் பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு எடுத்து அயோடினில் விட்டால், 37 டிகிரிக் கலவை மட்டும் கருநீலமாகாது. அதிலிருந்த மாவுச்சத்து சர்க்கரையாகிவிட்டது.

இப்போது மற்ற இரண்டு குழாய்களையும் 37 டிகிரி நீருக்கு மாற்றுங்கள். பனியில் இருந்த நொதி வேலையைத் தொடங்கும், கொதித்தது தொடங்காது. குளிர் நொதியை மந்தமாக்கும், அவ்வளவுதான். கொதிவெப்பமோ அதன் வடிவத்தையே குலைத்துவிடும். பூட்டின் துளை நெளிந்துவிட்டால் சாவி நுழையுமா?

பி.எச். அளவும் இப்படித்தான். அமிலேஸுக்கு ஏற்றது ஏறக்குறைய 7. இரைப்பையின் கடும் அமிலத்தில் அது செயலிழக்கும். அங்கே பி.எச். 2 அளவில் பெப்சின் சுறுசுறுப்பாகப் புரதத்தைச் செரிக்கும்.

ஆகவே ‘சாகும்’ என்று எழுதாதீர்கள். ‘இயல்பிழக்கும்’ என்பதே சரி. படிவம் 4 உயிரியலில் மலாயில் ‘நியாஹ்அஸ்லி’ என்று நீங்கள் படிப்பதும் இதைத்தான்.