நகைச்சுவை எழுத்தாளர்

அரக்கோணம் புகைவண்டிச் சந்திப்பில் பயணி ஒருவர், "ஐயா, இந்த வண்டி எங்கே போகிறது?" என்று வினவுகிறார். "எங்கும் போகவில்லையே, நின்றுகொண்டுதான் இருக்கிறது" என்று விடை வருகிறது. அருகில் நிற்போர் நகைக்கின்றனர், வினவியவரும் நகைக்கின்றார். இந்நகை எங்ஙனம் பிறந்தது? கேட்டவர் ஒரு பொருளைக் கருதினார். விடையிறுத்தவர் மற்றொரு பொருளைக் கொண்டார். அவ்விரண்டிற்கும் இடையே நகை பிறந்தது. இத்தகைய இடங்களைத் தேடிக் கண்டு எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர் நகைச்சுவை எழுத்தாளர்.

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையைத் தொல்காப்பியர் முதற்கண் வைத்தார். பிறரை எள்ளுதல், இளமை, பேதைமை, மடமை ஆகியவற்றால் நகை தோன்றும் என்றும் வகுத்தார். இவற்றுள் எள்ளுதல் எளிது. ஆயினும் அது எள்ளப்பட்டவர் நெஞ்சைப் புண்படுத்தும். பேதைமையால் விளையும் நகையோ யாரையும் வருத்தாது. எவ்வழியைத் தேர்ந்துகொள்கிறார் என்பதிலேதான் எழுத்தாளரின் பண்பு விளங்கும்.

வானொலிக்கு எழுதுவது அரிய கலை. மேடையில் நடிகரின் முகமும் கையும் துணை நிற்கும். வானொலியில் கேட்போரின் செவி ஒன்றே துணை. ஆதலின் சொற்கள் எளியனவாகவும், வாக்கியங்கள் சிறியனவாகவும் இருத்தல் வேண்டும். நகையை விளைக்கும் சொல் இறுதியில் வந்து அமைதல் வேண்டும். இக்கலையில் சிறந்தவர் தென்கச்சி கோ. சுவாமிநாதன். வேளாண்மை பயின்ற இவர், வானொலியில் உழவர்க்கான நிகழ்ச்சிகளில் பணியாற்றியவர். பின்னர்ச் சென்னை வானொலியில் 'இன்று ஒரு தகவல்' என்னும் நிகழ்ச்சியை வழங்கினார். அறிவுக்குரிய செய்தி ஒன்றைக் கூறி, நகைச்சுவைக் கதை ஒன்றோடு முடிப்பது அவர் வழக்கம். சிரிப்பூட்டும்போதும் அவர் குரலில் ஆரவாரம் இராது. தொலைக்காட்சியிலும் தோன்றிப் புகழ் பெற்ற அவர் 2009ஆம் ஆண்டு மறைந்தார்.

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு தொடங்கியது. அதற்கு அடுத்த ஆண்டில் நாடக உலகில் புகழ் பெறத் தொடங்கியவர் மோகன். இவர் 1952ஆம் ஆண்டு பிறந்தவர். கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்றவர். மாணவராக இருந்தபோதே சிறு நாடகம் எழுதினார். 1976ஆம் ஆண்டு எஸ்.வி. சேகரின் குழுவிற்கு எழுதிய 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' என்னும் நாடகம் பெருவெற்றி பெற்றது. அதன் முதற்சொல்லே அவர் பெயரின் முன் நிலைத்து, 'கிரேசி மோகன்' ஆயிற்று. 1979ஆம் ஆண்டு தமக்கென ஒரு நாடகக் குழுவைத் தொடங்கினார்.

பொறியாளர் பணியோ நிலையான வருவாய் தருவது, எழுத்தோ அத்தகையதன்று. எனினும் மோகன் பணியைத் துறந்து, எழுத்தையே முழுநேரத் தொழிலாகக் கொண்டார். மேடைக்கும் தொலைக்காட்சிக்கும் திரைப்படத்திற்கும் எழுதினார். 1990ஆம் ஆண்டு வெளிவந்த 'மைக்கேல் மதன காமராசன்' திரைப்படத்தின் உரையாடல் அவருடையது. உருவத்தால் ஒத்த நால்வரில் ஒருவரை மற்றொருவராகப் பிறர் கருதி மயங்குவதே அப்படத்தின் நகைக்கு அடிப்படை. பொறி ஒன்றில் ஒரு சக்கரம் மற்றொன்றைச் சுழற்றுவது போல, அங்கு ஒரு தவறான எண்ணம் மற்றொன்றைப் பிறப்பிக்கின்றது.

மோகனின் நாடகங்களில் நாயகியின் பெயர் பெரும்பாலும் ஜானகி என்றே இருக்கும். இளமையில் தம்மை மேடையேற்றி ஊக்கிய ஆசிரியையின் பெயர் அது. இந்நன்றியுணர்வு நாம் போற்றத்தக்கது. அவருடைய நகையில் பிறரைப் பழிக்கும் சொல் இராது. குடும்பத்தார் அனைவரும் கூடியிருந்து கேட்கலாம். சொல்லோடு விளையாடிய அவர் வெண்பாக்களும் இயற்றினார். 2019ஆம் ஆண்டு அவர் மறைந்தபோது தமிழகம் வருந்தியது.

மாணவர்களே! வகுப்பில் திக்கிப் பேசும் தோழனைக் கண்டு சிரிப்பது எளிது. அத்தோழனும் சேர்ந்து சிரிக்குமாறு ஒன்று சொல்லுவது அரிது. அரியதைச் செய்தவர்களையே உலகம் நெடுங்காலம் நினைவில் வைத்திருக்கின்றது.