உஷார்! கணவாய் வீடியோ கோர்ட்டுக்கும் போகும்

தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் ஆம்புலன்ஸுக்கு முன்னால் வீடியோ வந்துவிடுகிறது. 2024 ஜனவரி 24 அன்று இறக்கத்தில் லாரி மோதி, கார் தீப்பிடித்து 4 பேர் இறந்தார்கள். அந்த கேமரா காட்சி ஊர் ஊராகச் சுற்றியது. காட்சியைக் காட்டுவதில் தப்பில்லை. அதன் கீழே ‘குடிகார டிரைவர்’, ‘கொலைகாரன்’ என்று எழுதுகிறோமே, சில மாதம் கழித்து ‘ஜட்ஜைச் சரிக்கட்டிவிட்டார்கள்’ என்றும் சேர்க்கிறோமே, அங்கேதான் உஷார்!

பிரேக் போனதா, டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கினாரா, சாலைச் சரிவே காரணமா என்பதை மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையையும் சாட்சிகளையும் வைத்து கோர்ட்தான் முடிவுசெய்யும். குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டாலோ, சம்மன் அல்லது வாரண்ட் போய்விட்டாலோ வழக்கு நிலுவையில் இருப்பதாக 1971-ம் வருட நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் சொல்கிறது. அதன்பிறகு விசாரணையைக் கெடுக்கும்படி எழுதினால் 6 மாதம் வரை வெறுங்காவல், 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வழக்கு தர்மபுரி கோர்ட்டில் நடந்தாலும், அவமதிப்புக்குப் பதில் சொல்ல சென்னை உயர் நீதிமன்றத்துக்கு பஸ் ஏற வேண்டும். பதிவுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பரப்பியவருக்குச் சட்டம் கொஞ்சம் இடம் தருகிறது. தெரிந்தே தள்ளிவிட்டவருக்கு அது கிடையாது.

‘யூடியூப்ல எல்லாரும்தானே பேசுறாங்க’ என்பவர்களுக்கு: உயர் நீதித்துறை முழுக்க ஊழல் என்று பேட்டியில் சொன்னதற்காக யூடியூபர் சவுக்கு சங்கருக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 செப்டம்பரில் 6 மாதச் சிறை விதித்தது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது, ஆனால் இடைப்பட்ட காலத்தை அவர் சிறையில்தான் கழித்தார்.

கோர்ட்டின் பெயரைக் கெடுத்தல் என்ற பிரிவு வரம்பில்லாமல் நீள்கிறது என்பதே என் எண்ணம். இங்கிலாந்து 2013-ல் அதைக் கைவிட்டது. இங்கேயும் முடிந்துபோன வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிக்கலாம், வழக்கு நடப்பதைத் திரிக்காமல் செய்தியாக எழுதலாம். ஆனால் விசாரணையைக் கெடுப்பதைத் தடுக்கும் பகுதியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காரணம் நம் தர்மபுரி மாவட்டத்திலேயே இருக்கிறது.

2000 பிப்ரவரி 2. ஜெயலலிதாவுக்கு எதிராக வந்த பிளசண்ட் ஸ்டே ஓட்டல் வழக்குத் தீர்ப்பைக் கண்டித்துப் போராட்டம். இலக்கியம்பட்டியில் கோவை வேளாண் பல்கலைக்கழகப் பஸ்ஸைக் கொளுத்தினார்கள். 3 மாணவிகள் கருகிப்போனார்கள். அந்த வழக்கு கோர்ட்டுக்கு வந்ததும் சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்தார்கள். கடைசியில் உயர் நீதிமன்றம் தலையிட்டு, சேலத்தில் முதலிலிருந்து விசாரிக்கச் சொன்னது. தீர்ப்பு வர 2007 ஆகிவிட்டது. சாட்சிகளைச் சுற்றி வெளிக்காற்று அடித்தால் வழக்கு எவ்வளவு சீக்கிரம் ஆட்டம் காணும் என்று நாம் பார்த்தவர்கள்.

இன்று மிரட்டக்கூட வேண்டாம், ஃபார்வர்டே போதும். கணவாயில் கண்ணால் பார்த்தவர் கூண்டில் நிற்கிறார். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கிறார்: “நேர்ல பார்த்தீங்களா, வாட்ஸ்அப்ல பார்த்தீங்களா?” நூறு தடவை பார்த்த வீடியோவும் நேரில் பார்த்ததும் அவருக்குள் கலந்துபோயிருக்கும். அவர் தடுமாறினால் சந்தேகத்தின் பலன் டிரைவருக்குப் போகும். ஆவேசமாக நியாயம் கேட்டவர்களாலேயே இறந்தவர் குடும்பத்தின் வழக்கு வலுவிழக்கும். டிரைவர் நிரபராதியாக இருந்தாலோ, விடுதலைக்குப் பிறகும் அவரை நம்பி வண்டி கொடுக்க ஆள் இருக்காது.

வீடியோ எடுத்திருந்தால் தொப்பூர் காவல் நிலையத்தில் கொடுங்கள். வெட்டாமல், எழுத்தோ பாட்டோ சேர்க்காமல் கொடுங்கள். மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் கேட்பார்கள். கை மாறி வந்த நகலுக்கு அதை யார் தருவார்கள்? வழக்கு முடியும்வரை, எடுத்த போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள்.