இருட்டும் கேமராவும் – 9: புள்ளி எங்கிருந்து வருகிறது?

ஐஎஸ்ஓவைக் கூட்டினால் படம் புள்ளி புள்ளியாகிவிடும் என்று ஸ்டூடியோக்காரர்கள் சொல்வதில் பாதிதான் உண்மை. இந்தப் புள்ளிகளின், அதாவது நாய்ஸின், பிறப்பிடம் வெளிச்சப் பற்றாக்குறை. ஐஎஸ்ஓ அதைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

தூறலில் முற்றத்தில் பக்கம்பக்கமாக வைத்த இரண்டு கிண்ணங்களில் ஒரே எண்ணிக்கையில் துளி விழுமா? பிக்சல்களுக்கும் அதே கதைதான். சராசரியாக 100 ஃபோட்டான் விழும் இடத்தில் பத்து கூடும், குறையும். அது 10 சதவீதத் தடுமாற்றம். 10,000 விழும் இடத்தில் தடுமாற்றம் 100தான், அதாவது 1 சதவீதம். வானம் பளிச்சென்று இருக்க, மரத்தடி நிழலில் மட்டும் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளி மொய்ப்பது இதனால்தான்.

ஐஎஸ்ஓ 400ஐத் தாண்ட மாட்டேன் என்று பிடிவாதமாக இருட்டில் எடுத்துவிட்டு, பிறகு கம்ப்யூட்டரில் வெளிச்சத்தைத் தூக்குகிறவர்கள் உண்டு. வீண் வேலை. அதே ஷட்டர், அதே அப்பர்ச்சரில் 3200 வைத்து எடுத்திருந்தால் படம் மோசமாகியிருக்காது. பல கேமராக்களில் நிழல் இன்னும் சுத்தமாகவே வந்திருக்கும். விளக்குகள் வெளுத்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மென்பொருளின் நாய்ஸ் குறைப்பு ஸ்லைடரை நான் கடைசியில்தான் தொடுவேன். கலர் நாய்ஸைத் தாராளமாகக் குறைக்கலாம். லூமினன்ஸ் ஸ்லைடரை இழுத்தால், பட்டுப் புடவையின் ஜரிகை இழையும் புள்ளியோடு சேர்ந்து மழுங்கிவிடும்.

காட்சி அசையாததாக இருந்தால் இதைவிட நல்ல வழி உண்டு. ட்ரைபாடில் வைத்து ஒரே செட்டிங்கில் 16 படம் எடுத்து, சராசரி பாருங்கள். கட்டடம் எல்லாப் படத்திலும் ஒன்றுதான். புள்ளி மட்டும் படத்துக்குப் படம் மாறும். நாய்ஸ் நாலில் ஒரு பங்காகிவிடும். வர்க்கமூலக் கணக்கு என்பதால் 4 படத்திலேயே பாதி குறையும். எட்டில் ஒரு பங்காக்க 64 வேண்டும். அதற்கெல்லாம் எனக்குப் பொறுமை இல்லை.

ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கிக்கு இருந்தது. 1995 டிசம்பரில் சப்தரிஷி மண்டலத்துக்குப் பக்கத்தில், வெறுமையாகத் தெரிந்த ஒரு துண்டு வானத்தைப் 10 நாள் உற்றுப் பார்த்து 342 படங்கள் எடுத்தது. அடுக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 3,000 கேலக்ஸிகள்! காஸ்மிக் கதிர் பட்ட தடம் ஒரு படத்தில் இருக்கும், அடுத்ததில் அதே இடத்தில் இருக்காது. ஒப்பிட்டே அவற்றைக் களைந்தார்கள். 2018இல் கூகுள் பிக்சல் போன்களில் வந்த நைட் சைட்டும் இதே வித்தைதான்: 15 படம் வரை எடுத்து, கை நடுக்கத்தைச் சரிக்கட்டி ஒன்றாக்கும்.

ஃபோட்டோஷாப்பில் படங்களை லேயர்களாக ஏற்றி, அலைன் செய்து, ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக்கி, ஸ்டேக் மோடில் மீன் (Mean) கொடுத்தால் சராசரி வந்துவிடும். மீடியன் கொடுத்தால் ஒரு வேடிக்கை: குறுக்கே நடந்துபோனவர்கள் படத்திலேயே இருக்க மாட்டார்கள். கோயில் பிராகாரத்தை ஆளில்லாமல் எடுக்க நினைப்பவர்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் நாட்டிய மேடையில் இந்தப் பாச்சா பலிக்காது. அங்கே லென்ஸ்தான் கதி. கேமராவோடு வரும் கிட் லென்ஸ் பெரும்பாலும் 55 மி.மீ.இல் எஃப் 5.6க்கு மேல் திறக்காது; எஃப் 1.8 வரை திறக்கும் 50 மி.மீ. லென்ஸில் அதைப்போல ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம் சென்சாரில் விழும்.