“ஓம்” என்று தலையாட்டுமுன்…

இரத்தம் ஏற்ற வேண்டும் என்று வைத்தியர் சொன்னதும் நம் மக்கள் பயப்படுவது நோய்த்தொற்றுக்கே. அந்தப் பயம் இன்று பெருமளவு நீங்கியிருக்கிறது. 2014ஆம் ஆண்டிலிருந்து இலங்கையில் பணம் பெறாத தொண்டர்களிடமிருந்தே இரத்தம் பெறப்படுகிறது. எச்.ஐ.வி., ஈரல் அழற்சி பீ, சீ போன்ற நோய்களுக்கு அது சோதிக்கப்படுகிறது.

நாம் அதிகம் நினைக்காத ஆபத்து வேறொன்று: ஒருவருக்குரிய இரத்தம் மற்றவருக்கு ஏறிவிடுவது.

எல்லா மனிதரின் இரத்தமும் ஒரே வகையல்ல என்பதை 1901இல் வியன்னாவில் கார்ல் லான்ட்ஸ்டைனர் விளக்கினார். “ஓ” வகையினருக்கு “ஏ” வகை இரத்தம் ஏறினால், அவரது உடலிலுள்ள பிறபொருளெதிரிகள் அந்தச் செங்குழியங்களை உடைத்துவிடும். சிறுநீரகம் செயலிழக்கலாம், உயிரும் போகலாம்.

இத்தகைய தவறு பெரும்பாலும் ஆய்வுகூடத்தில் நேர்வதில்லை. கட்டிலருகிலேதான் நேர்கிறது. ஒரே வாட்டில் இரண்டு கமலாக்கள் இருக்கலாம். மாதிரி எடுத்த குழாயில் பெயரைப் பிறகு எழுதலாம் என விட்டால் போதும், தவறுக்கு வழி திறந்துவிடும்.

நம்மவரின் ஒரு பழக்கமும் இதற்குத் துணைபோகிறது. “நீங்கள் கமலாவா?” என்று கேட்டால், மொழி சரியாக விளங்காவிட்டாலும் மரியாதைக்காக “ஓம், ஓம்” என்று தலையாட்டிவிடுகிறோம். ஆகவேதான் “உங்கள் பெயர் என்ன?” என்று கேட்டு, நோயாளி தம் வாயாலேயே முழுப்பெயரைச் சொல்லச் செய்வது உலகெங்கும் முறையாக உள்ளது. அந்தப் பெயரும் பதிவிலக்கமும் இரத்த வகையும், நோயாளியின் சீட்டிலும் இரத்தப் பையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். நோயாளி மயக்கத்தில் இருந்தால் உறவினர் உதவலாம்.

முதல் 15 நிமிடங்கள் மிக முக்கியமானவை. குளிர் நடுக்கம், காய்ச்சல், முதுகு நோ, நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், சிவந்த சிறுநீர் – இவற்றில் எது கண்டாலும் உடனே தாதியை அழையுங்கள். இரத்தம் ஏற்றுவதை அவர் உடனடியாக நிறுத்துவார். “பொறுத்துப் பார்ப்போம்” என்று இருப்பது ஆபத்து.

அடுத்த முறை வாட்டில் உங்கள் தாய்க்கோ பிள்ளைக்கோ இரத்தப் பை தொங்கவிடப்படும்போது, “இது யாருடைய பெயரில் வந்தது?” என்று பணிவாகக் கேளுங்கள். அது மரியாதைக் குறைவல்ல. நல்ல தாதி அந்தக் கேள்வியை வரவேற்பார்.