பொருள்வயிற் பிரிவும் சப்பிரகமுவாத் தமிழரும்

பொருள் தேடும்பொருட்டுப் பிறந்தகம் விட்டுத் தொலைவு செல்லுதல் தமிழர்க்குப் புதியதொன்றன்று. அகத்திணை இலக்கணம் வகுத்த பண்டையோர், பிரிதலைப் பாலைத்திணைக்கு உரிப்பொருளாக்கினர். கல்வியின் பொருட்டும் தூதின் பொருட்டும் நிகழும் பிரிவுகளோடு பொருளின் பொருட்டு நிகழும் பிரிவையும் அவர்கள் வேறாக எண்ணி, அதனைப் பொருள்வயிற் பிரிவு எனப் பெயரிட்டனர். அப்பிரிவுக்கு இரண்டு இயல்புகள் உண்டு. தலைவன் தனித்துச் செல்வான்; தலைவி இல்லத்தில் ஆற்றியிருப்பாள். சென்றவன் குறித்த பருவத்தே மீண்டு வருவான். செல்லுதல் எத்துணைத் துன்பந் தருவதாயினும், மீளுதல் உறுதி என்னும் நம்பிக்கையே அப்பிரிவைத் தாங்கி நிற்பது. இவ்விரண்டு இயல்புகளும் பிற்காலத்துப் பிரிவுகளுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதனை ஆராய, இலங்கையில் வரக்காப்பொலச் சுற்றுப்புறம் தக்கதோர் இடமாகும்.

வரக்காப்பொல, சப்பிரகமுவா மாகாணத்துக் கேகாலை மாவட்டத்தில், கொழும்பிலிருந்து கண்டி செல்லும் பெருவீதியில் அமைந்த சிறுநகரம். வழிச்செல்வோர் எள்ளுருண்டை வாங்கும் இடமென்று இன்று பலரும் அதனை அறிவர். அவ்வீதி தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் என்பாரின் ஆட்சியில் அமைக்கப்பட்டது. அப்பணியை நடத்தி 1829இல் இறந்த கப்டன் டோசனின் நினைவாக எழுந்த தூபி கடுகண்ணாவையில் இன்றும் நிற்கின்றது. பின்னர்ப் புகையிரதம் வந்தது. 1865இல் அம்பேபுசைக்கும், 1867இல் கண்டிக்கும் பாதை திறக்கப்பட்டது. அம்பேபுசைக்கு வடக்கே சிறிது தொலைவில் உள்ளது பொல்காவலைச் சந்தி. வடபுலத்துப் பாதை பிரியும் இடம் அதுவே. 1905இல் அப்பாதை யாழ்ப்பாணம் வழியாகக் காங்கேசன்துறை வரை நிறைவெய்தியது. 1914இல் தலைமன்னார்ப் பாதை மதவாச்சியில் வந்து அதனோடு இணைந்தது. ஆகவே, மதவாச்சி தொடக்கம் பொல்காவலை வரை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோரும் தமிழ்நாட்டிலிருந்து வந்தோரும் ஒரே தண்டவாளத்தின் மேலேயே சென்றனர். ஆனால் அவர்கள் சென்ற செலவு ஒன்றன்று.

முதலில் தோட்டத் தொழிலாளரை நோக்குவோம். கோப்பிக் காலத்தில் வந்தோர் மன்னாரிலிருந்து காட்டுவழியே கால்நடையாக மாத்தளைக்கு வந்தனர். வாந்திபேதியால் வழியிலேயே மாண்டோர் பலர். அறுவடை முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். ஆதலால் அக்காலத்துச் செலவு ஓரளவு பழைய பொருள்வயிற் பிரிவை ஒத்திருந்தது. கோப்பி நோயால் அழிந்து, தேயிலையும் இறப்பரும் அதனிடத்தைப் பெற்றபோது இந்நிலை மாறியது. 1876இல் எனரத்கொடைத் தோட்டத்தில் இறப்பர்க் கன்றுகள் முதன்முதல் நடப்பட்டன. மோட்டார் வண்டி பெருகப் பெருக இறப்பரின் விலையும் ஏறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி ஆகிய பகுதிகளின் தாழ்குன்றுகளை இறப்பர் மரம் மூடிற்று. இறப்பர் மரத்துக்கு அறுவடைப் பருவம் என ஒன்றில்லை. ஆண்டு முழுதும் பால் வெட்டவேண்டும். ஆகவே பருவத்துக்கு வந்து மீளும் தொழிலாளி போதான். குடும்பத்தோடு வந்து நிலைத்திருக்கும் தொழிலாளியே வேண்டப்பட்டான்.

அவனை அழைத்து வந்தவன் கங்காணி. கங்காணி தன் ஊரிலும் அயலூர்களிலும் முன்பணங் கொடுத்து ஆள் சேர்த்தான். தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரவில்லை ஒன்று வருவோன் கழுத்தில் தொங்கியது. மண்டபம் முகாமில் நோய்க்காப்பு முடிந்தபின், அவ்வில்லை காட்டிய தோட்டத்துக்கு அவன் அனுப்பப்பட்டான். வழிச்செலவும் முன்பணமும் அவன் கணக்கில் கடனாக ஏறின. அக்கடன் துண்டுச்சீட்டில் எழுதப்பட்டுத் தோட்டத்துக்குத் தோட்டம் அவனைத் தொடர்ந்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டுமுறையை ஒழித்தது. 1927ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்த பட்சக் கூலியை வகுத்தது. எனினும், தொழிலின் முதல் நாளிலேயே கடனாளியாக நிற்பவன், விரும்பிய பருவத்தில் மீளுதல் எங்ஙனம்?

அவனுடைய நாள் இருளிலே தொடங்கும். பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்தபின், விடியற் குளிரிலேயே மரத்தின் பட்டையைச் சாய்வாகச் சீவிச் சிரட்டையை வைத்தல் வேண்டும்; வெயில் ஏறினால் பால் ஓடுதல் குறையும். மழை பெய்து பட்டை நனைந்தால் அன்று வெட்டில்லை. வெட்டில்லையெனின் வருமானமுங் குறையும். மழை மிகுந்த சப்பிரகமுவாவில் இஃதொரு சிறிய குறையன்று. சேர்ந்த பால் தொழிற்சாலைக்குப் போய், அமிலத்தால் உறைந்து, தகடாக உருட்டப்பட்டுப் புகையில் உலரும். இத்தொழிலில் கணவனோடு மனைவியும் நிரை பிடித்து மரம் வெட்டினாள். அகப்பொருளிலே இல்லத்தில் ஆற்றியிருந்த தலைவி இங்கே இல்லை. பிரிவு கணவனுக்கும் மனைவிக்கும் இடையே நிகழவில்லை, குடும்பம் முழுவதற்கும் அதன் ஊருக்கும் இடையே நிகழ்ந்தது. இலயத்தருகே மாரியம்மன் கோயில் எழுந்தது. மாசியிலே காமன் கூத்து நடந்தது. மீளும் எண்ணமுடையோன் வழிபடச் சிறு கல் போதும். கோயில் எடுப்பவன் தங்குவதற்கே எடுக்கின்றான். 1939இல் இந்திய அரசு தொழிலாளர் இலங்கைக்குச் செல்லுதலைத் தடைசெய்தபின், போக்குவரவும் அருகிற்று.

இனி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோரை நோக்குவோம். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறியும், அதன்பின் மிசனாரிமாரும் சைவப் பெருமக்களும் நிறுவிய கல்லூரிகளும் ஆங்கிலக் கல்வியைப் பரப்பின. வரண்ட நிலத்தில் கிணற்றுநீர் கொண்டு பயிர்செய்த குடும்பங்களுக்குக் கல்வியே இரண்டாவது காணியாயிற்று. கற்றோர் எழுதுவினைஞராகவும், புகையிரத நிலைய அதிபராகவும், தபாலதிபராகவும், தோட்டத்துக் கிளாக்கராகவும், மருந்து கலப்போராகவும் தென்னிலங்கை எங்கும் சென்றனர்; மலாயாவுக்குச் சென்றோரும் பலர். இவர்களுடைய பிரிவே பழைய இலக்கணத்துக்கு மிக நெருங்கியது. மனைவியும் மக்களும் ஊரில் இருப்பர். மாதந்தோறும் காசுக்கட்டளை செல்லும். நல்லூர்த் திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் விடுமுறை எடுத்து மீளுவர். 1956இல் ஓடத்தொடங்கிய யாழ்தேவி அம்மீட்சியை ஒரு பகற்பொழுதின் செலவாக்கிற்று. ஓய்வூதியம் பெற்றபின் வீட்டு முற்றத்தில் அமைதியாக இருத்தலே அவர்களுடைய குறிக்கோள்.

இவ்விரு திறத்தாரும் ஒரே மாவட்டத்தில் ஒரே மொழி பேசினர். எனினும் அவர்க்கிடையே இருந்த தொலைவு பெரிது. ஒருவர் செக்ரோலில் பெயர் எழுதினார். மற்றவர் அதில் எழுதப்பட்டார். எழுதியவர் எழுதப்பட்டவரின் துன்பத்தைத் தம் துன்பமாக எண்ணியது மிக அரிது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு இடங்களைப் பெற்றது. அதற்கடுத்த ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும், 1949இல் வந்த சட்டங்களும் தோட்டத் தமிழர் பெரும்பாலோரைக் குடியுரிமையும் வாக்குரிமையும் அற்றோராக்கின. 1952இல் அவர்கள் சார்பில் ஒருவரும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. இச்சட்டங்கள் பற்றிய கருத்து வேறுபாட்டினாலேயே தமிழ்க் காங்கிரஸிலிருந்து செல்வநாயகம் முதலியோர் பிரிந்து 1949இல் தமிழரசுக் கட்சியை நிறுவினர். வடபுலத்தார் அனைவரும் வாளாவிருந்தனர் என்று கூறுதல் பொருந்தாது. அனைவரும் உணர்ந்தனர் என்று கூறுதலும் பொருந்தாது.

ஏழாண்டுகளின் பின் உத்தியோகத்தர் மீதும் நிழல் விழுந்தது. 1956ஆம் ஆண்டு அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1961 டிசம்பரில் வெளியான திறைசேரிச் சுற்றறிக்கை, சிங்களத் தேர்ச்சி பெறாத உத்தியோகத்தரின் வருடாந்தச் சம்பளவேற்றத்தை நிறுத்த வழிசெய்தது. கேகாலைக் கச்சேரியில் பணியாற்றிய செல்லையா கோடீசுவரன் அத்தேர்வுக்குத் தோற்ற மறுத்தார். 1962 ஏப்ரலில் அவருக்கு உரிய சம்பளவேற்றம் நிறுத்தப்பட்டது. தொகை மாதம் பத்து ரூபா. பத்து ரூபாவுக்காக அவர் அரசின் மீது வழக்குத் தொடுத்தார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம், அச்சட்டம் அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு மாறானது எனக் கண்டு அவர்க்குச் சார்பாகத் தீர்த்தது. 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியன் சம்பளத்துக்காக முடிக்குரிய அரசின்மேல் வழக்கிட இயலாது எனக் கூறி அத்தீர்ப்பை மாற்றிற்று. மொழி பற்றிய வினாவை அது தொடவில்லை. 1969 டிசம்பரில் இலண்டனிலுள்ள கோமறைக் கழகம், வழக்கிட இயலும் எனக் கூறி, மொழி பற்றிய வினாவை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி விடுத்தது. அவ்வினாவுக்கு விடை வருமுன்னரே 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு 29ஆம் பிரிவை நீக்கிற்று.

பத்து ரூபா சிறிய தொகையே. ஆயின் அதனுள் அடங்கிய வினா சிறியதன்று. தொலைதூரத்திலிருந்து வந்து பணியேற்றவன், தான் கற்ற கல்வியைக் கொண்டு அவ்விடத்தில் நிலைத்திருக்க உரிமை உடையனா? அவனை அமர்த்திய காலத்து விதி, பின்னொரு நாள் அவனைக் கேளாமலே மாற்றப்படுமா? 1948இல் இலயத்து மனிதன் எதிர்நின்ற வினாவும் இதுவே. அவன் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னரே எதிர்நின்றான் என்பதும், நீதிமன்றப் படியேறும் வாய்ப்பு அவனுக்கு அரிதாக இருந்தது என்பதுமே வேறுபாடு.

அவனுடைய செலவு அங்கும் முடியவில்லை. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும் 3,00,000 பேரை இலங்கை ஏற்கவும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974இல் முடிவாயிற்று. சென்றோருட் பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் அமர்ந்தனர். வேறு சிலர் கேரளத்துப் புனலூர்ப் பகுதியிலும், கருநாடகத்துச் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளிலும் இறப்பர்த் தோட்டங்களில் மீண்டும் பால்வெட்டுக் கத்தி பிடித்தனர். அரசாவணங்கள் இதனைத் தாயகந் திரும்புதல் என்றன. ஆனால் சென்றோருட் பெரும் பகுதியினர் இலங்கையிலே பிறந்தவர்; திரும்புதற்கு முன்பு ஓரிடத்தில் இருந்திருத்தல் வேண்டுமன்றோ? அவர்களுக்கு அது மீட்சியன்று, மற்றுமொரு பிரிவு. மலையாளமும் கன்னடமும் வழங்கும் நாட்டிலே, பாட்டன் தொடங்கிய தொழிலைப் பேரன் புதிதாகத் தொடங்கினான்.

இலங்கையில் எஞ்சியோர்க்குக் குடியுரிமைக் குறை படிப்படியாகவே நீங்கிற்று. 2003ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஏறக்குறைய நிறைவு செய்தது. 1987இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 1990இல் தடைப்பட்ட வடபுலப் புகையிரதம் 2014இல் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. இன்று வரக்காப்பொல வழியே கொழும்புக்குச் செல்லும் பேருந்துகளில் தோட்டத்து இளைஞர் கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை தேடிச் செல்கின்றனர். கற்றுத் தேறி, சிதறிக் கிடக்கும் தமிழ்ப் பாடசாலைகளுக்கு ஆசிரியராக எதிர்த்திசையிற் செல்வோரும் உளர்.

பொருள்வயிற் பிரிவைப் பண்டையோர் துன்பம் எனக் கண்டனர். தீங்கு எனக் கண்டாரல்லர். ஏனெனில் அது மீளும் உரிமையோடு நிகழ்ந்தது. மீளும் உரிமை இல்லாதவிடத்து, சென்றடைந்த இடத்தில் தங்கும் உரிமையாவது வேண்டும். இரண்டும் இன்றேல், தொழில் ஏற்றல் இடமிழத்தலாகவே முடியும். வரக்காப்பொலக் குன்றுகளில் இறப்பர் மரங்களை நட்டோரின் வரலாறும், கேகாலைக் கச்சேரியில் பத்து ரூபாவுக்காக வழக்கிட்டவரின் வரலாறும் இவ்வொன்றையே கூறுகின்றன. தொலைவிலிருந்து பணிக்கு வந்து சேரும் புதியவரிடம் எங்கிருந்து வந்தீர் என்று கேட்பது யாவரும் செய்வது. இங்கே இருக்க உமக்கு என்ன வேண்டும் என்று கேட்பதே அறம்.